படுத்திருக்கிற சாமியின் பேர்

இப்போதெல்லாம் ஜனங்களுக்கு மூச்சு விடக்கூட ஒருவன் வந்து சொல்லிக் கொடுக்க வேண்டியிருக்கிறது. வாழை எப்படி நடுவது, பிள்ளைக்கு எப்படிப் பால் கொடுப்பது, கை எப்படிக் கழுவுவது, எல்லாவற்றுக்கும் ஒரு ஜீப்பு வருகிறது. ஜீப்பிலிருந்து பேண்ட் போட்டவன் ஒருவன் இறங்குகிறான். ஜனங்கள் கூடி நின்று வாயைப் பிளக்கிறார்கள். ஏதோ அவன் வரும்வரைக்கும் இந்த மலையில் எவனும் கை கழுவாத மாதிரி.

இதெல்லாம் போகட்டும் என்று விட்டால், இப்போது புத்தியையே சொல்லிக் கொடுக்கிறார்களாம். ஊரை எப்படி நடத்துவது, நாலு பேருக்கு முன்னால் எப்படிப் பேசுவது, தகராறு என்று வந்தால் எப்படித் தீர்ப்பது என்று, வளர்ந்த ஆம்பளை பொம்பளைகளை ஒரு வாரம் தங்கவைத்து, சோறு போட்டுப் பாடம் நடத்துகிறார்களாம்.

புத்தி என்ன புளியங்காயா, உலுக்கினால் விழுவதற்கு?

ரங்கசாமி காட்டுப் பாதையில் இதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு நடந்தார். நெல்லிமரத்தூருக்கு அவர்தான் நாட்டாமை. அவருக்கு முன்னால் அவர் அப்பன் நாட்டாமை. யாரும் அவர்களை எங்கேயும் தங்கவைத்துச் சோறு போடவில்லை.

விவகாரம் ஆரம்பித்தது அந்த ஜீப்பில்தான். முகாமுக்கு ஆள் சேர்க்க வந்த பேண்ட்காரர் முதலில் கேட்டது ரங்கசாமியைத்தான். "நீ பொறக்கறதுக்கு முன்னியே நான் நாயம் சொல்றவன். எனக்கு நீ சொல்லிக் குடுக்கப் போறியா?" என்று அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். சரி, வேறு யார் வருகிறீர்கள் என்று பேண்ட்காரர் கேட்டபோது, மரத்தடியில் புளியங்கொட்டை தட்டிக்கொண்டிருந்த பெண்கள் கூட்டத்திலிருந்து ஒரு குரல் வந்தது.

"நான் வர்றேங்க."

அது செல்லியம்மாளின் குரல். ரங்கசாமியின் பெண்சாதி.

விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று நினைத்து அவரும் மற்றவர்களோடு சேர்ந்து சிரித்தார். திங்கட்கிழமை ஜீப்பு மறுபடி வந்தபோது அவள் மூட்டை கட்டி வைத்திருந்தாள். ஏறியும் விட்டாள். அதுவும் முன்சீட்டில்.

அந்த முன்சீட்டையாவது அவர் பொறுத்துக்கொண்டிருப்பார். சந்தைக்குப் போய்வந்த ஆள் ஒருவன் கொண்டுவந்த சேதியைத்தான் பொறுக்க முடியவில்லை. அதே முகாமில் கீழ்க்காட்டுப் பெருமாளும் இருக்கிறானாம்.

பெருமாள் செல்லியம்மாளுக்கு அத்தை மகன். முறைப்படி அவனுக்குத்தான் அவளைக் கொடுத்திருக்க வேண்டும். அவன் ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்துக்கு வேலைக்குப் போய், வருகிறேன் வருகிறேன் என்று சொல்லியனுப்பிக்கொண்டே இருந்தான். அந்த இடைவெளியில் ரங்கசாமியின் அப்பன் வெற்றிலை பாக்கோடு போய் உட்கார்ந்துவிட்டார். முப்பது வருஷத்துக்கு மேல் ஆன கதை. பிள்ளை பிறந்து, பிள்ளைக்குக் கல்யாணமும் ஆகிவிட்டது. ஆனாலும் பெருமாளை எங்கே பார்த்தாலும் ரங்கசாமிக்குப் பல்லில் சிக்கிய நார்மாதிரி ஒரு உறுத்தல். இப்போது அவன் பெண்டாட்டியும் செத்துப்போய், தனி ஆளாக, டெரிலின் சட்டை போட்டுக்கொண்டு திரிகிறான். கையில் வாட்சு வேறு. பெண்டாட்டி செத்தவனுக்கு மணி பார்த்து என்ன ஆக வேண்டும்?

இன்று காலையில் மருமகள் நீலாவதி களித் தட்டைக் கொண்டுவந்து வைத்தாள். அவர் ஒரு உருண்டை பிட்டு, குழம்பில் தோய்த்து, அப்படியே வைத்துவிட்டார்.

"மாமா, அத்தை இல்லாம களி எறங்கலியா, இல்ல களியே சரியில்லியா?"

"ரெண்டும்."

நீலாவதி கோபித்துக்கொள்ளவில்லை. வாசல் பெருக்கிக்கொண்டே சொன்னாள்: "இன்னும் ஒரு நாளு பொறுத்துக்குங்க. அப்பறம் அத்தை கையாலயே சாப்பிடலாம். சங்கத்துத் தலைவரா ஆயிட்டு, நேரம் இருந்தாக் கிண்டிப் போடும்."

"எந்த சங்கம்?"

"புளி சங்கம் மாமா. ஊருல எல்லாருக்கும் தெரியுமே. மலை ஜனங்க புளியை எல்லாம் ஒண்ணாச் சேத்து நாமளே கீழ எடுத்துக்கினு போய் விக்கறதுக்கு. முகாமு முடியறப்ப தலைவரு ஆருன்னு சொல்லிடுவாங்களாம். அத்தை பேருதான் அடிபடுது."

"கீழன்னா?"

"வேலூரு, திருணாமலை. மாசத்துல பாதி நாளு அலையணுமாம். அத்தை தனியா எப்டிப் போவும்? எழுதப் படிக்க ஓட்டமாத் தெரிஞ்ச ஆளு ஒருத்தரு கூடப் போவாரு."

"அது ஆரு?"

நீலாவதி பெருக்குவதை நிறுத்தினாள். தெரியாமல் வாயை விட்டுவிட்டோம் என்பது அவள் முகத்தில் தெரிந்தது.

"எனக்கு எப்டி மாமா தெரியும்?" என்றாள்.

அவளுக்குத் தெரியும். அவருக்கும் தெரிந்துவிட்டது. தடியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். போகிறதற்கு ஒரு காரணம் வேண்டுமே? செவலைப் பசு கன்று போட்டிருந்தது. அது போதும். அவளைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்துவிட வேண்டும். தலைவரும் வேண்டாம், வேலூரும் வேண்டாம்.

*

ஜமுனாமரத்தூரில் பள்ளிக்கூடம் கோடை விடுமுறைக்கு மூடியிருந்தது. முகாம் அங்கேதான் நடந்தது. வாசல் வழியாகப் போக ரங்கசாமிக்கு மனசு வரவில்லை. பின்பக்கமாகச் சுற்றிப் போனார். அங்கே கீற்றுக் கொட்டகை போட்டுச் சமையல் நடந்துகொண்டிருந்தது. படவேட்டிலிருந்து வந்த மாணிக்கம்மாள் என்கிற சமையல்காரி பரங்கிக்காயை அரிந்துகொண்டிருந்தாள்.

"ஆரு? சோத்துக்கு இன்னும் நேரம் கீது."

"சோத்துக்கு வரல. எம் பொஞ்சாதியப் பாக்க வந்தேன். செல்லியம்மா."

அரிவாள்மணை நின்றது. "செல்லியக்கா வூட்டுக்காரரா! வாங்க, வாங்க. அக்கா உங்களப் பத்தி ஒண்ணுமே சொல்லலியே?"

"ஒண்ணுமேவா?"

"பேரு கூடச் சொல்லல. கேட்டா முந்தானைய வாயில வெச்சுக்கினு சிரிக்குது."

ரங்கசாமிக்கு அது பிடிக்கவில்லை. நாலைந்து நாளாக ஒரே இடத்தில் இருக்கிறவர்களிடம் புருஷனைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல அவளுக்கு நேரம் கிடைக்கவில்லையா?

"மாடு கன்னு போட்ருச்சு. அது இல்லாம மாடு கறக்க வுட மாட்டேங்குது. அதான் தேடிக்கினு வந்தேன்."

"மாடு தேடுதா, நீங்க தேடறீங்களா?"

"மாடுதான்."

"அப்ப மாட்டையே அனுப்பியிருக்கலாம். அதுக்குப் பேச்சு நல்லா வரும்போல கீது." மாணிக்கம்மாள் சிரித்துக்கொண்டே கையிலிருந்த பரங்கிக்காய்த் துண்டால் ஜன்னலைக் காட்டினாள். "உள்ள வெளையாட்டு நடக்குது. முடியட்டும். அதோ, அந்த ஜன்னலாண்ட நின்னு பாருங்க."

அவர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார். பார்த்ததும் கம்பியை விடத் தோன்றவில்லை.

வகுப்பறையில் பெஞ்சுகளைத் தாறுமாறாகப் போட்டிருந்தார்கள். பாதிப் பேருக்குக் கண்ணைக் கட்டியிருந்தது. கண் கட்டின ஒவ்வொருவர் கையிலும் ஒரு துண்டின் முனை. மறு முனையைப் பிடித்துக்கொண்டு இன்னொருவர் பெஞ்சுகளுக்கு நடுவே வழிகாட்டிப் போனார். செல்லியம்மாளின் கண்ணும் கட்டியிருந்தது. அவள் பிடித்திருந்த துண்டின் மறு முனையில் பெருமாள்.

"இது இன்னா கண்றாவி?"

"நம்பிக்கை வளருமாம்," என்றாள் மாணிக்கம்மாள், எழுந்து வந்து பக்கத்தில் நின்றபடி. "தலைவரா வர்றவங்க அடுத்தவங்கள நம்பணுமாம், அடுத்தவங்க இவங்கள நம்பணுமாம். நேத்து அக்காதான் பெருமாளண்ணனக் கண்ணக் கட்டி இட்டுக்கினு போச்சு. கொண்டுபோய் சுவத்துல முட்ட வெச்சுடுச்சு."

"முட்டிச்சா?"

"நெத்தி பொடைச்சுக்கிச்சு."

"நல்லாப் பொடைச்சுக்கிச்சா?"

"நெல்லிக்கா அளவுக்கு."

ரங்கசாமிக்கு வீட்டை விட்டுக் கிளம்பினதிலிருந்து முதல் தடவையாகக் கொஞ்சம் பசித்தது.

ஆனால் இன்றைக்கு முறை பெருமாளுடையது. அவன் முட்டவைக்கவில்லை. "வலப்பக்கம் பெஞ்சு கீது... ரெண்டு எட்டு வெச்சு நில்லு... இப்ப காலைத் தூக்கி வை, கீழ பலகை," என்று குழந்தைக்குச் சொல்வதுபோலச் சொல்லிக்கொண்டே போனான். அவளும் முகத்தைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டு, அவன் சொன்ன இடத்தில் நின்று, சொன்ன இடத்தில் காலை வைத்து, அறையின் மறுகோடி வரைக்கும் எதிலும் இடிக்காமல் போய்ச் சேர்ந்தாள். எல்லோரும் கை தட்டினார்கள். கட்டை அவிழ்த்ததும் வெளிச்சத்தில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு சிரித்தாள்.

காட்டுப் பாதையில் ரங்கசாமி எப்போதும் முன்னால் போவார். அவள் பின்னால் வருவாள். முள் இருக்கிறது, கல் இருக்கிறது என்று அவர் திரும்பிச் சொன்னதில்லை. எதற்குச் சொல்ல வேண்டும்? அவளுக்குக் கண் இல்லையா? கண்ணைக் கட்டிவிட்டு வழி சொல்கிறவன் பெரிய மனுஷனாம். கண்ணைக் கட்டாமலே விட்டவன் ஒன்றுமில்லையாம். நல்ல நாயம்!

*

விளையாட்டு முடிந்து எல்லோரும் பாயில் உட்கார்ந்தார்கள். பாடம் நடத்துகிறவர் தங்கவேல் சார். ஆள் பிடிக்க வந்த பேண்ட்காரர் வேறு, இவர் வேறு. ஒல்லியான மனிதர். தோளில் ஜோல்னாப் பை. பேசும்போது சாக்பீஸால் சொறிந்து சொறிந்து, காதெல்லாம் வெள்ளையாகியிருந்தது.

"விவேகம்னா என்னன்னு காலையில பார்த்தோம். புத்தகத்துல இருக்கிறது அறிவு. அதை எந்த நேரத்துல எப்படிப் பயன்படுத்தணும்னு தெரியறது விவேகம். இப்ப ஆளுக்கு ஒண்ணு சொல்லுங்க. உங்க ஊர்ல, உங்க கண்ணால பார்த்தது. அப்படிப்பட்ட ஒரு ஆள் என்ன செஞ்சார்?"

பெருமாள் முதலில் எழுந்து காப்பித் தோட்டத்துத் துரை ஒருவரைப் பற்றி நீளமாகச் சொன்னான். இரண்டு பேர் கொட்டாவி விட்டார்கள். அவர்கள் நல்லவர்கள் என்று ரங்கசாமி நினைத்துக்கொண்டார்.

பிறகு செல்லியம்மாள் எழுந்தாள்.

"எங்கூருல ஒரு வாட்டி அண்ணந் தம்பிக்கு வரப்புத் தகராறு. கல்லைத் தூக்கிக்கினு நிக்கறாங்க. ஒரு பெரிய மனுசரு வந்தாரு. வந்தவரு ஒண்ணுமே கேக்கல. நீ சொல்லு, நீ சொல்லுன்னு நாயமும் பேசல. என்னைக் கூப்ட்டு, களி கிண்டி எடுத்தாரச் சொன்னாரு. அந்த வரப்பு மேலயே அண்ணனையும் தம்பியையும் உக்கார வெச்சு, ஒரே சட்டியில சாப்பிடச் சொன்னாரு. சாப்ட்டு முடிச்சப்புறம், இப்ப கல்லைத் தூக்குங்கடான்னாரு. ஒருத்தனும் தூக்கல."

"ஏன்?" என்றார் தங்கவேல் சார்.

"நானும் அத்தத்தான் கேட்டேன். 'களி ஒட்டின கையில கல்லு நிக்காதுடி'ன்னாரு."

அறை முழுக்கச் சிரித்தது. தங்கவேல் சார் சிரிக்கவில்லை. "இன்னொரு தரம் சொல்லுங்கம்மா," என்றார். அவள் சொன்னாள். அவர் கரும்பலகைக்குப் போய் அதைப் பெரிசாக எழுதினார். எழுதிவிட்டுத் தள்ளி நின்று பார்த்தார்.

ஜன்னலுக்கு வெளியே ரங்கசாமி கம்பியில் முகத்தைப் பதித்துக்கொண்டார். அவர் பேச்சு! அவர் வாயில் வந்தது! சொல்லிவிட்டு அன்றைக்கே மறந்துபோன ஒன்றை இவள் இத்தனை வருஷம் எங்கே வைத்திருந்தாள்? மாணிக்கம்மாளைத் திரும்பிப் பார்த்து, "அது நாந்தான்," என்றார்.

"எது?"

"பேரு சொல்லுவா பாரு."

உள்ளே தங்கவேல் சாரும் அதைத்தான் கேட்டார். "இதுக்குக் கீழ அவரு பேரை எழுதணும். யாரும்மா அது?"

செல்லியம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

"நான் சொல்லக் கூடாதுங்க."

பெண்கள் பக்கம் கலகலவென்று சிரிப்பு கிளம்பியது. தங்கவேல் சாருக்கும் விளங்கிவிட்டது. "ஓகோ, வீட்டுக்காரரா! சரி, சரி. பேரைச் சொல்ல வேண்டாம். குறிப்பாவது குடுங்க. சாமி பேரா?"

"சாமி பேருதாங்க."

"எந்த சாமி?"

அவள் யோசித்தாள். "படுத்துக்கினு கீற சாமி."

"எங்கூட்டு ஆளும் அதே சாமிதாண்டி!" என்று பின்னாலிருந்து ஒருத்தி கத்தினாள். சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"பாம்பு மேல படுத்திருக்கிற சாமியா? பெருமாளா?" என்றார் தங்கவேல் சார்.

"அதே சாமிதாங்க."

"பெ... ரு... மாள்," என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டே அவர் எழுதினார்.

அறையில் இருந்த தலைகளில் பாதி பெருமாளின் பக்கம் திரும்பியது. மற்ற ஊர்க்காரர்களுக்கு யார் யாருக்கு என்ன உறவு என்று என்ன தெரியும்? துண்டைப் பிடித்து வழிநடத்தினவன் அவன். பேரும் பொருந்துகிறது. "அடேயப்பா, நீங்கதானா அது! சொல்லவே இல்லியே!" என்று ஒருவன் அவன் முதுகில் தட்டினான். பெருமாள் வாட்சைத் திருகிக்கொண்டு தலையைக் குனிந்து சிரித்தான். இல்லை என்று சொல்லவில்லை.

செல்லியம்மாள் பலகையைப் பார்த்தாள். ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிப் படித்து, வாயைத் திறப்பதற்குள்...

"அத்த அழி!"

ரங்கசாமி வாசல் வழியாகவே வந்திருந்தார். தடி நிலைப்படியில் இடித்தது.

"வாத்தியாரே, உன்னைத்தான். அத்த அழிங்கறேன்!"

*

தங்கவேல் சார் சாக்பீஸைக் கீழே போட்டுவிட்டார். முதலில் எழுந்தவன் பெருமாள்தான். "வாங்கண்ணே, வாங்க. இப்டி உக்காருங்க," என்று ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டான், ஏதோ அவன் வீட்டுக்கு விருந்தாளி வந்த மாதிரி.

"உக்கார வரல. அந்தாளு தப்பா எழுதறப்ப நீ ஏண்டா வாயைத் தொறக்கல?"

"சாமி பேருதானே அண்ணே எழுதினாரு. சாமி பேரை எழுதாதேன்னு நான் எப்டிச் சொல்றது?"

செல்லியம்மாள் நடுவில் வந்து நின்றாள். "வாங்க. எப்ப வந்தீங்க? சாப்ட்டீங்களா?"

ரங்கசாமி அவளை ஏற இறங்கப் பார்த்தார். "வூட்ல நீ. இங்க நீங்க. இத்த ஆரு சொல்லிக் குடுத்தது?"

"நாலு பேரு எதிர்ல மரியாதையாப் பேசக் கூடாதா?"

"மாடு கன்னு போட்ருச்சு. கெளம்பு."

அவள் முகம் மலர்ந்தது. "போட்ருச்சா! இன்னா கன்னு?"

"கெடேரி."

"பால் நீலாவதி கறக்குமே. பழக்கி வுட்டுட்டுத்தானே வந்தேன்?"

"ஒதைக்குது."

"ஆரை? நீலாவதியவா, உங்களையா?"

பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். தங்கவேல் சார் இதற்குள் சமாளித்துக்கொண்டு கையைக் கூப்பினார். "ஐயா, தப்பு என் பேர்லதான். மன்னிக்கணும். நீங்க வந்ததும் நல்லதாப் போச்சு. புளிச் சங்கத்துக்கு அம்மாதான் தலைவரா வரணும்னு எல்லாரும் காலையிலயே கை தூக்கிட்டாங்க. அம்மாதான், வீட்ல கேட்டுச் சொல்றேன்னு நிறுத்தி வெச்சிருக்காங்க. இப்ப வீடே நடந்து வந்துடுச்சு. நீங்க என்ன சொல்றீங்க?"

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். கேட்டுத்தான் சொல்வேன் என்று அவள் சொல்லியிருக்கிறாள். அது அவருக்கு எங்கேயோ ஒரு மூலையில் இனிக்கத்தான் செய்தது. ஆனால் பலகையில் அந்தப் பேர் அப்படியே இருந்தது.

"மத்ததெல்லாம் அப்பறம். மொதல்ல பேரு," என்றார். "நீயே சொல்லு. இந்த சபையில, வாயால சொல்லு. உம் புருசன் பேரு இன்னா?"

செல்லியம்மாளின் சிரிப்பு போய்விட்டது. "சொல்ல மாட்டேன்."

"ஏன்?"

"சொன்னா உனக்கு ஆவாது. உன் ஆயுசை நான் ஏன் கொறைக்கணும்?"

மரியாதையெல்லாம் பறந்து, வீட்டுப் பேச்சு வந்துவிட்டது. அவர் நகரவில்லை. அவள் ஒரு நிமிஷம் அவரையே பார்த்தாள். பிறகு விடுவிடுவென்று பலகைக்குப் போனாள். துடைக்கத் துணி தேடவில்லை. உள்ளங்கையாலேயே அந்தப் பேரை அழித்தாள். கை வெள்ளையாயிற்று. கீழே கிடந்த சாக்பீஸை எடுத்தாள்.

அவள் எழுதி அவர் பார்த்ததில்லை. ராத்திரிப் பள்ளிக்கூடத்துக்குப் போகிறாள், வருகிறாள் என்பதோடு சரி. இப்போது அந்தக் கை மேலே போயிற்று, வளையல் முழங்கைக்குச் சரிந்தது, நாக்கு நுனி உதட்டோரம் எட்டிப் பார்த்தது. ஒவ்வொரு எழுத்தையும் கோலம் போடுகிற மாதிரி நிறுத்தி நிறுத்திப் போட்டாள். முதல் எழுத்து பெரிசாக விழுந்தது. அப்புறம் போகப் போகச் சின்னதாகி, ஒரு பக்கமாக ஏறிக்கொண்டு போயிற்று. ரங்கசாமிக்குக் காரணம் தெரியாமல் ஒரு பயம் வந்தது. கூடவே குடித்தனம் நடத்தினவள் தனக்குத் தெரியாத பாஷையில் யாரோடோ பேசுவதைப் போல.

எழுதி முடித்துத் திரும்பினாள். "இந்தா. இதான்."

எல்லோரும் கை தட்டினார்கள். பெண்கள் பக்கத்திலிருந்து யாரோ குலவை கூட விட்டார்கள்.

"இன்னா எழுதினே?" என்றார் ரங்கசாமி.

அவள் பதில் சொல்வதற்கு முன்னால் பெருமாள் எழுத்துக் கூட்டினான். "ர... ங்... க... சாமி. ரங்கசாமி. உங்க பேருதாண்ணே!"

வேறு எந்த வாய் படித்திருந்தாலும் அவர் நம்பியிருப்பார். உலகத்தில் இத்தனை வாய் இருக்கும்போது அந்த வாய்தானா திறக்க வேண்டும்?

"நீ சொல்லாத," என்றார். தங்கவேல் சாரைப் பார்த்தார்.

"ஆமாங்க ஐயா. ரங்கசாமின்னுதான் போட்டிருக்கு."

"நீ எழுதின லச்சணத்தைத்தான் பாத்தேனே."

செல்லியம்மாள் கிட்டே வந்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "ஊரே படிக்கறாப்ல எழுதிட்டேன். இன்னும் இன்னாய்யா வேணும் உனக்கு?"

"எழுதினது ஊருக்கு. எனக்கு இன்னா?"

அவளுக்கு அது சுருக்கென்று பட்டது. கண்ணைத் தாழ்த்தினாள். வெள்ளைக் கையைப் புடவையில் துடைத்தாள்.

"நீயும் ராத்திரிப் பள்ளிக்கூடத்துக்கு வாயேன். நாலு மாசத்துல படிச்சுடலாம். நானே படிச்சுட்டேன்."

"உன் பக்கத்துல உக்காந்தா?"

"பக்கத்துலதான். வேற எங்க?"

ரங்கசாமியின் பிடி தடியில் தளர்ந்தது. ஒரு விளக்கு, ஒரு பலகை, பக்கத்தில் அவள். அவ்வளவு மோசமாகப் படவில்லை. ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

"நான்கூடச் சொல்லித் தர்றேண்ணே. தோட்டத்துல எத்தினி பேருக்கு எழுத்து பழக்கி வுட்டேன்!" என்றான் பெருமாள்.

அதோடு போயிற்று.

"நாளைக் காலைக்குள்ள பதில் சொல்லணும்," என்றாள் செல்லியம்மாள் அவசரமாக. "இருக்கவா, வரவா? நீ ஒரு வார்த்தை சொல்லு."

"என்னை ஏன் கேக்கற? படுத்துக்கினு கீற சாமியப் போய்க் கேளு."

அவர் வெளியே வந்துவிட்டார். மாணிக்கம்மாள் கொட்டகையிலிருந்து, "சாப்ட்டுப் போங்க, பரங்கிக்கா சாம்பாரு!" என்று கூப்பிட்டாள். கேட்காதமாதிரி போனார். செல்லியம்மாள் படிவரைக்கும் வந்து நின்றது காலடிச் சத்தத்தில் தெரிந்தது. அதற்குமேல் வரவில்லை.

*

பஸ் நிற்கிற இடத்துக்கு எதிரே ஒரு டீக்கடை. ரங்கசாமி பெஞ்சில் உட்கார்ந்து டீ சொன்னார். குடிக்கவில்லை. தடி நுனியால் மண்ணில் எதையோ கிறுக்கி, அழித்து, மறுபடி கிறுக்கினார். கதவு நிலை மாதிரி மேலே ஒரு கட்டை, இரண்டு பக்கமும் இரண்டு கால், வலது காலின் அடியில் ஒரு சரிவு. அவள் முதலில் போட்ட எழுத்து. பெரிசாகப் போட்டதால் அது ஒன்றுதான் மனசில் நின்றிருந்தது.

"யோவ், டீக்காரே. இங்க வா. இது இன்னா எழுத்து?"

கடைக்காரர் கையைத் துடைத்துக்கொண்டு வந்து குனிந்து பார்த்தார். நாற்பது வயசு, முறுக்கின மீசை.

"ர."

"நல்லாப் பாத்துச் சொல்லு."

"இதுல பாக்க இன்னா கீது? ரங்கநாதனுக்கு வர்ற ர. ரவிக்கைக்கு வர்ற ர."

"பெருமாளுக்கு?"

"பெருமாளுக்குப் பெ. அது வேற மாதிரி, சுழிச்சுக்கினு இருக்கும்."

ரங்கசாமி மூச்சை விட்டார். அப்படியானால் அவன் இல்லை. அவன் இல்லவே இல்லை. அந்தப் பயல் படித்தது நிஜம்தான். டீயை எடுத்து ஒரு வாய் குடித்தார். நன்றாக இருந்தது. திரும்பிப் போய் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வந்தால்தான் என்ன என்று தோன்றியது.

"எம் பேருக்குக்கூட இதான் மொத எழுத்து," என்றார் கடைக்காரர், பேச்சு கிடைத்த சந்தோஷத்தில். "பக்கத்துல ஒரு கால் போட்டா ரா. ராஜாக்கண்ணு."

டீ கிளாஸ் பாதி வழியில் நின்றது.

"கால்னா?"

ராஜாக்கண்ணு விரலால் மண்ணில் போட்டுக் காட்டினார். ரங்கசாமி அதை உற்றுப் பார்த்தார். அந்தக் கால் பலகையில் இருந்தது. எங்கேயோ இருந்தது. முதல் எழுத்தை ஒட்டியா, நடுவிலா, ஞாபகம் வரவில்லை. ஆனால் இருந்தது. அது நிச்சயம்.

அவர் கண் மெதுவாக மேலே வந்து மீசையில் நின்றது.

"முகாமு ஜனங்க உங் கடைக்கு வர்றாங்களா?"

"வர்றாங்களாவா? தெனம் இங்கதாங்க. ஒரு அக்கா வந்து கடைப் பலகையில எம் பேரை எழுத்துக் கூட்டிப் படிச்சுட்டுத்தான் டீயையே கையில வாங்கும். செல்லியம்மான்னு. பேசினா நாளெல்லாம் கேட்டுக்கினே இருக்கலாம், போங்க!"

ரங்கசாமி டீயைப் பெஞ்சின்மேல் வைத்தார். சில்லறையை அதன் பக்கத்தில் போட்டார். மண்ணில் இருந்த எழுத்தைக் காலால் தேய்த்து, கால் போட்டதையும் சேர்த்துத் தேய்த்தார்.

"ஏங்க, டீ அப்டியே கீதே?"

அவர் திரும்பவில்லை. இந்தப் பக்கம் பள்ளிக்கூடம், அந்தப் பக்கம் காட்டுப் பாதை. காட்டுப் பாதையில் இறங்கி நடந்தார். ஒரே எழுத்தை இத்தனை பேருக்கு வைத்துக்கொண்டு பிழைப்பு நடத்துகிற படிப்பை ஒரு மனுஷன் எப்படி நம்புவது?